தெரியுமா? ஒரு கல்யாண வழக்கு பச்சிளங்குழந்தைகளைக் காப்பாற்றியது!

லிங்கித் தோட்டத்து மக்களே, நம் மாநிலத் தலைநகர் சிரம்பானில் தொடங்கிய ஒரு வழக்கு நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்தது தெரியுமா? முஸ்லிம் ஆண் பொது இடத்தில் பெண்ணுடை உடுத்தினால் ஆயிரம் ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விழலாம் என்கிறது நெகிரி செம்பிலானின் 1992ஆம் ஆண்டு ஷரியா குற்றவியல் சட்டம், 66ஆம் பிரிவு. இந்தப் பிரிவை எதிர்த்து மூன்று திருநங்கையர் துணிந்து வழக்குத் தொடுத்தார்கள். 2012இல் சிரம்பானில் தோல்வி! 2014 நவம்பர் 7இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வெற்றி! அடுத்த ஆண்டே, வழக்குத் தொடுத்த முறை தவறென்று கூட்டரசு நீதிமன்றம் அந்த வெற்றியை ரத்து செய்துவிட்டது.

உடைக்கே இவ்வளவு. உடம்புக்கு?

அமெரிக்காவுக்குப் போவோம். 18 வயதுக்குக் கீழுள்ளவர்களுக்குப் பாலின மாற்றச் சிகிச்சை கூடாதென்று 2021இல் முதலில் சட்டம் போட்டது ஆர்கன்சா மாநிலம், அதுவும் ஆளுநர் மறுத்த பிறகும்! டென்னசி மாநிலத்தின் இதே மாதிரிச் சட்டம் செல்லுமென்று 2025 ஜூன் 18இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று தீர்ப்பளித்தது. ஆனால் பாருங்கள், அந்தச் சட்டத்திலேயே பிறவிக் குறைபாட்டுக்கான சிகிச்சைக்கு விலக்கு உண்டு! வாய்விட்டுக் கேட்கும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு மருந்து கிடையாது. ஆணா பெண்ணா என்று உடனே சொல்லமுடியாத உடலோடு பிறந்த இடைப்பாலினச் சிசுவுக்கு, அது பேசும் முன்பே அறுவை செய்ய வழி திறந்திருக்கிறது. எனக்கு இது நியாயமாகவே படவில்லை.

தமிழ்நாடு செய்தது நேர் எதிர்! 2018 அக்டோபரில் தூத்துக்குடிக் கோயிலில் ஒரு திருநங்கைக்குத் திருமணம் நடந்தது. பதிவாளர் பதிய மறுத்தார். அந்தக் கல்யாண வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்கு வந்தது. 2019 ஏப்ரல் 22இல் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், திருநங்கையும் மணமகளே என்று தீர்ப்பளித்தார். அதோடு நின்றாரா? இல்லை! இடைப்பாலினச் சிசுக்களுக்குப் பாலின அறுவை செய்வதையும் தடுக்க உத்தரவிட்டார். பெற்றோரின் சம்மதம் பிள்ளையின் சம்மதம் ஆகாது என்பதே அவர் சொன்ன காரணம். அதே ஆண்டு ஆகஸ்டில் அரசாணை வந்தது: உயிருக்கு ஆபத்து என்றாலொழிய அறுவை கூடாது. இந்தியாவில் இதை முதலில் செய்த மாநிலம் தமிழ்நாடு! உலகில் முன்னோடி 2015இல் சட்டமியற்றிய குட்டி நாடு மால்டா.

நம் வீட்டில் இடைப்பாலினக் குழந்தை பிறந்து, உடனே அறுவை என்று யாராவது சொன்னால், "இது உயிருக்காகவா?" என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் பிள்ளை வளரட்டும், காத்திருங்கள்.