குற்றவாளி யார்?

ஆடித் தபசு பார்க்கச் சங்கரன்கோவிலுக்கு நமது பழைய அம்பாஸடரில் சென்றோம். 2014-இல் உற்பத்தி நின்றுபோன அந்த வண்டியின் யந்திரம், பனவடலிசத்திரத்தருகே குளிர் காய்ச்சல் கண்டாற்போல் உதறத் தொடங்கிற்று. கார்புரேட்டரைக் கழற்ற நாம் திருப்புளியை எடுத்தோம்.

“பொறுங்க ஸார்! மொதல்ல கரண்டைப் பாப்போம், பெட்ரோலைப் பொறவு பாக்கலாம்” என்று தடுத்தார், அவ்வூர் மெக்கானிக் பெரியவர். யந்திரம் ஓடுகையிலேயே, ரப்பர் பிடியிட்ட குறட்டால் நான்கு பிளக் ஒயர்களையும் ஒவ்வொன்றாய் எடுத்து மாட்டினார். மூன்று ஒயர்களுக்கு உதறல் அதிகரித்தது. மூன்றாவது ஸிலிண்டரின் ஒயரை எடுத்தபோது மட்டும் யாதொரு மாறுதலும் இல்லை. வேலை செய்யாதவன் அகப்பட்டான்! அதன் பிளக்கை இரண்டாவது ஸிலிண்டருக்கு மாற்றினார். சோம்பலும் கூடவே இடம் மாறியது. குற்றம் பிளக்கினுடையதே என்பது ருசுவாயிற்று.

நான்கு ஸிலிண்டர்களும் ஒருசேரத் தடுமாறினால்தான் காற்றுக் கசிவையும் கார்புரேட்டரையும் முதலில் சந்தேகிக்க வேண்டுமாம். பழுதற்ற கார்புரேட்டரைப் பிரித்திருந்தால், அதன் பழைய காஸ்கட் கிழிந்து புது வியாதி கண்டிருக்கும்.

புதுப் பிளக்குடன் வண்டி கிளம்பியது. வகுப்பில் கூச்சல் கேட்டதும் கண்ணில் பட்ட பையனைத் தண்டித்து வந்த நமக்கு, அன்று அம்பாள் தரிசனத்துக்கு முன்பே ஞானம் கிட்டிற்று!