பரிமாறல் நின்ற பொழுது

கொழும்பில் ஒரு ஹோட்டலின் போசனசாலையில் மாலைதோறும் வயலின் வாசித்துவந்த முதியவர் ஒருவரை நான் அறிவேன். சாஸ்திரீய சங்கீதத்தில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். “கரண்டிச் சத்தத்துக்கும் சுருதி சேர்க்கப் பழகிவிட்டேன், தம்பி” என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிப்பதில்லை. உண்ணும் இடத்தில் இசை என்பது ஊறுகாய்க்குச் சமானம் என்ற முடிவுக்கு அவரைப் பார்த்தே நான் வந்திருந்தேன். நியூயோர்க் நகரத்து நிலவறை ஒன்றின் வரலாற்றைப் படித்தபோதுதான் அம்முடிவு ஆட்டங்கண்டது.

அந்நிலவறை கிரெனிச் வில்லேஜ் பகுதியில், ஷெரிடன் சதுக்கத்தில் முதலாம் இலக்கக் கட்டடத்தின் கீழே இருந்தது. 1938ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அங்கே ‘கபே சொசைற்றி’ என்னும் இராப்போசன விடுதி திறக்கப்பட்டது. திறந்தவர் பார்னி ஜோசெப்சன். நியூ ஜேர்சி மாநிலத்திலே சப்பாத்து வியாபாரத்தில் இருந்தவர். இத்தொழிலுக்கு முற்றிலும் புதியவர். ஆயினும் அவர் மனத்தில் ஓர் உறுத்தல் இருந்தது. ஹார்லெமிற் புகழ்பெற்று விளங்கிய ‘கொட்டன் கிளப்’பிலே டியூக் எலிங்டன் போன்ற மேதைகள் வாசித்தார்கள். மேடையில் நின்றோர் கறுப்பினத்தவர். மேசைகளில் அமர்ந்தோர் வெள்ளையர். வாசித்தவருடைய சொந்தச் சகோதரன் காசு கொடுத்துக்கூட உள்ளே அமர்ந்து கேட்க முடியாது. மேடையிலும் மேசையிலும் இரு இனத்தவரும் ஒருங்கே இருக்கும் இடமொன்று வேண்டும் என்று ஜோசெப்சன் விரும்பினார். தேநீர்க் கடையிற் சமமாக அமர்வதற்கே போராட வேண்டியிருந்த யாழ்ப்பாணத்திற் பிறந்த எனக்கு, அவ்விருப்பத்தின் கனம் என்னவென்று எவரும் விளக்கத் தேவையில்லை.

விடுதியின் பெயரே ஒரு பரிகாசம். வாயிற்காவலன் கந்தலாடையும் கிழிந்த கையுறையும் அணிந்து சீமான்களை வரவேற்றான். ‘சரியான மனிதர்களுக்குத் தவறான இடம்’ என்று விளம்பரமும் செய்தார்கள். இந்தக் குறும்புகளை நான் பெரிதாக எண்ணவில்லை. சீமான்களுக்குத் தம்மைக் கேலி செய்பவரிடம் ஒரு தனி மோகம் உண்டு. பெரிதாக எண்ணத்தக்கது உள்ளே கேட்ட இசை. அல்பேட் அமன்ஸ், மீட் லக்ஸ் லூவிஸ், பீட் ஜோன்சன் என்னும் மூவரும் பியானோவை இடியென முழக்கினர். டெடி வில்சன் வாசித்தார். ஹேசல் ஸ்கொட்டும் லீனா ஹோனும் அங்கே பாடினார்கள். விடுதி திறந்த நாள் முதலே பாடியவர் பில்லி ஹொலிடே. அப்போது அவருக்கு வயது 23.

1939ஆம் ஆண்டிலே ஏபல் மீரப்போல் என்ற பள்ளிக்கூட ஆசிரியர் ஒரு பாட்டோடு அங்கு வந்தார். தென்மாநிலங்களிற் கறுப்பினத்தவரை அடித்துக் கொன்று மரங்களில் தொங்கவிடும் கொடுமையைப் பற்றி அவர் எழுதிய ‘விசித்திரக் கனி’ என்ற பாட்டு அது. குடித்தும் உண்டும் களிக்கும் இடத்தில் இதை எப்படிப் பாடுவது? ஜோசெப்சன் ஒரு முறை வகுத்தார். ஹொலிடே இதனைக் கடைசிப் பாட்டாகவே பாட வேண்டும். பாடத் தொடங்குமுன் பரிசாரகர் அனைவரும் பரிமாறுதலை நிறுத்தி, நின்ற இடத்திலே நிற்க வேண்டும். விளக்குகள் யாவும் அணைய, சிறிய ஒளிக்கற்றை ஒன்று அவர் முகத்தில் மட்டும் விழும். பாட்டு முடிந்ததும் அதுவும் அணையும். மீண்டும் விளக்கெரியும்போது மேடை வெறுமையாக இருக்கும். எவ்வளவு கைதட்டினாலும் அவர் திரும்பி வரமாட்டார். முதன்முறை பாடியபோது கைதட்டலே எழவில்லை என்றும், பின்னர் யாரோ ஒருவர் தயங்கித் தட்டத் தொடங்கிய பின்பே சபை முழுவதும் தட்டியது என்றும் ஹொலிடே தம் சுயசரிதையிற் கூறியுள்ளார்.

அந்தச் சில நிமிடங்களை நான் பலமுறை கற்பனை செய்து பார்த்ததுண்டு. உணவு விற்றுப் பிழைக்கும் ஒருவர், தம் விடுதியில் உணவு நடமாட்டத்தைத் தாமே நிறுத்துகிறார். கேட்போரின் தட்டில் இறைச்சி ஆறிக்கொண்டிருக்கிறது. ஒரு கரண்டி கூட அசையவில்லை. சங்கீத சபைகளிலே காணக் கிடைக்காத மௌனம் அது.

பாடகியின் வழக்கமான இசைத்தட்டு நிறுவனத்தார் அப்பாட்டைப் பதிவுசெய்ய மறுத்துவிட்டனர். ‘கொமடோர்’ என்ற சிறு நிறுவனமே அதே ஆண்டு ஏப்ரல் 20ஆந் திகதி பதிவுசெய்தது.

இதற்கெல்லாம் விலை கேட்கப்படாமல் இல்லை. 1947இல் ஜோசெப்சனின் தமையனார் லியோன், அமெரிக்கப் பாராளுமன்ற விசாரணைக் குழுவுக்குச் சாட்சியமளிக்க மறுத்துச் சிறை சென்றார். பத்திரிகைகளிற் பத்தி எழுதுவோர் தம்பியின் மீது பாய்ந்தார்கள். கூட்டம் குறைந்தது, 1940இல் நகரின் மேற்பகுதியில் திறந்த இரண்டாவது விடுதியும், முதல் விடுதியும் அவர் கையை விட்டுப் போயின. அதே 1947இல் ஹொலிடே போதைப்பொருள் வழக்கிற் சிறைப்பட்டார். மீண்டபோது, மதுபானம் விற்கும் விடுதிகளிற் பாடுவதற்குப் பொலிஸார் வழங்கும் அனுமதி அட்டை அவருக்கு மறுக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் திரளும் கார்னகி மண்டபத்தில் அவர் பாடலாம். நூறு பேர் உண்ணும் சிறு கூடத்திற் பாடலாகாது! 1959இல் இறக்கும்வரை அந்த அட்டை அவருக்குக் கிடைக்கவேயில்லை. அம்முறை 1967இல் ஒழிக்கப்பட்டது.

ஜோசெப்சன் பின்னர் அதே கிரெனிச் வில்லேஜில் ‘குக்கரி’ என்றொரு சாதாரண உணவகம் நடத்தினார். 1970இல் பியானோ மேதை மேரி லூ வில்லியம்ஸ் அங்கு வாசிக்கத் தொடங்க, பழைய நாட்கள் திரும்பின. 1977இல் அல்பேட்டா ஹண்டர் வந்தார். முன்னொரு காலத்திற் புகழோடு பாடிவிட்டு, வயதைக் குறைத்துச் சொல்லித் தாதியாகச் சேர்ந்து, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பாட்டையே மறந்திருந்தவர். எழுபது வயதாகிவிட்டதென்று வைத்தியசாலை அவரை ஓய்வுபெறச் செய்தபோது, உண்மையில் அவருக்கு வயது 82. அந்த வயதில் ஜோசெப்சனின் மேசைகளுக்கு நடுவே நின்று பாடத் தொடங்கியவர், 1984இல் மறையும் ஆண்டுவரை பாடினார்.

கொழும்பு வயலின்காரருக்கு இக்கதையை ஒருநாள் சொன்னேன். ஹண்டரைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. “பரிமாறுகிறவர்கள் எல்லோருமே நின்றுவிட்டார்களா, தம்பி?” என்றார். ஆம் என்றேன். சிறிது நேரம் வில்லுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளே போனார்.