புரை நீங்கிய கண்ணில் மீண்டும் மங்கல் ஏன்?

கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பின் ஓரிரு ஆண்டுகள் தெளிவாகப் படித்துவந்தவருக்குச் செய்தித்தாளின் எழுத்துகள் மீண்டும் மங்கத் தொடங்கும்போது, 'வைத்த லென்ஸ் கெட்டுவிட்டது', 'புரை திரும்ப வளர்ந்துவிட்டது' என்றெல்லாம் எண்ணத் தோன்றும். இன்னோர் அறுவைக்கு அஞ்சி, மங்கிய பார்வையுடனேயே காலந்தள்ளுவோரும் உண்டு. நம் வாடிக்கையாளர்களுள் ஓய்வூதியர் பலர் இருப்பதால், இதனைச் சற்று விளக்க விரும்புகிறோம்.

அகற்றிய புரை மீண்டும் வளர்வதில்லை. இயற்கையான விழிலென்ஸ் மெல்லிய உறை ஒன்றினுள் அமைந்துள்ளது. அறுவையின்போது உறையின் முன்பக்கத்தைத் திறந்து மங்கிய லென்ஸை மட்டும் அகற்றி, எஞ்சிய உறைக்குள்ளேயே செயற்கை லென்ஸைப் பொருத்துகிறார்கள். உறையின் ஓரங்களில் தங்கிவிட்ட உயிரணுக்கள் நாளடைவில் பெருகி, பின்பக்க உறையின்மீது படர்கின்றன. ஜன்னல் கண்ணாடி நன்றாகவே இருக்க, அதன் பின்னால் தொங்கும் திரை தடித்துப்போன நிலை இது.

இதற்குக் கத்தி வேண்டியதில்லை. 'யாக்' எனப்படும் லேசர் கதிரால் உறையின் நடுவே சிறு திறப்பை உண்டாக்குவார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். வழக்கமாக அன்றே வீடு திரும்பலாம். சிலருக்குக் கண் அழுத்தம் சிறிது காலம் உயரலாம். அரிதாக விழித்திரை விலகவும் கூடும். எனவே பார்வை உண்மையாகவே இடையூறு தரும்போதுதான் இதனைச் செய்துகொள்வது முறை.

லென்ஸே பழுதாவது அரிது. போர் விமானிகளின் கண்ணில் புகுந்த விமானக் கூண்டின் அக்ரிலிக் சில்லுகள் பெரிதும் தீங்கின்றிக் கிடந்ததைக் கவனித்தே, லண்டன் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி 1949இல் முதல் செயற்கை லென்ஸைப் பொருத்தினார். எனினும் லென்ஸ் இடம் நகர்வதும், எப்போதாவது லென்ஸே மங்குவதும் உண்டு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்துப் பயன்படும் மல்ட்டிஃபோக்கல் லென்ஸ் பொருத்தியவர்களுள் சிலருக்கு, இரவில் விளக்குகளைச் சுற்றி ஒளிவளையம் தெரியும். தொடக்கம் முதலே அவ்வாறிருந்தால் காரணம் பெரும்பாலும் லென்ஸின் அமைப்பு. லேசரால் அது தீராது. மேலும், உறையைத் திறந்துவிட்டால் பின்னர் லென்ஸை மாற்றுவது கடினமாகிவிடும். ஆகவே லேசருக்கு இசையுமுன், மங்கலின் காரணம் உறைதானா என்று மருத்துவரிடம் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

அறுவை முடிந்த சில நாள்களில் வலி, சிவப்பு, பார்வைக் குறைவு ஆகியன தோன்றினால் அது கண்ணுக்குள் தொற்றாக இருக்கலாம். மின்னல்போல் ஒளிக்கீற்றுகள், திடீரெனக் கரும்புள்ளிகள், திரை இறங்குவது போன்ற நிழல் ஆகியவை விழித்திரை விலகலின் அறிகுறிகள். இரண்டிலும் அன்றே மருத்துவமனையை அடைய வேண்டும்.

லென்ஸின் வகை, திறன், வரிசை எண் ஆகியவை குறிக்கப்பட்ட அட்டையை மருத்துவமனையில் கேட்டுப் பெற்று, கணக்குப் புத்தகத்துடன் பத்திரப்படுத்துங்கள். மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள், லேசர் செலவு பாலிசியில் அடங்குமா என்பதை முன்கூட்டியே கேட்டறியலாம். பார்வை குறைந்து கையெழுத்து மாறியிருந்தால், அடையாளச் சான்றுடன் கிளைக்கு வந்து புதிய கையொப்பத்தைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.