உடைத்துப் பார்க்கும் சுத்தியல்

நீர்மூழ்கிக் கப்பலின் எஃகு தாங்குமா என்பதைக் கடலில் இறக்குமுன் எப்படித் தெரிந்துகொள்வார்கள் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். உடைத்துப் பார்த்துத்தான்.

கப்பலை அல்ல. உலையிலிருந்து இறக்கும் ஒவ்வொரு உருக்கிலிருந்தும் 55 மி.மீ. நீளம், 10 மி.மீ. தடிமனில் துண்டு அறுத்து, நடுவே 2 மி.மீ. ஆழத்துக்குக் கீறல் போடுவார்கள். கனத்த ஊசல் சுத்தியல் ஒன்று மேலிருந்து வந்து அதை முறித்துவிட்டு மறுபக்கம் ஏறும். ஏறும் உயரம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு ஆற்றலை எஃகு விழுங்கியிருக்கிறது. இதுதான் சார்பி சோதனை. ஜார்ஜ் சார்பி என்ற பிரெஞ்சுக்காரரின் பெயர்.

எனக்குப் பிடித்த விசித்திரம் இனிமேல்தான். சித்திரை வெயிலில் சட்டைப்பையில் கிடந்த கமர்கட்டு வளையும். ஃபிரிட்ஜில் வைத்ததைத் தட்டினால் சில்லுச்சில்லாகும். எஃகும் அப்படித்தான். அதனால் அமெரிக்கக் கடற்படை, சில வார்ப்படங்களின் துண்டுகளை மைனஸ் 73 டிகிரி செல்சியஸுக்குக் குளிரவைத்து உடைக்கச் சொல்கிறது.

எந்தக் கடலும் அவ்வளவு குளிராதே! வாஷிங்டன் மாநிலம் டகோமாவில், கடற்படைக்கு அந்த வார்ப்படங்களைச் செய்து கொடுத்த, பின்னாளில் பிராட்கென் நிறுவனத்தின் கைக்கு வந்த பவுண்டரியின் உலோகவியல் பொறுப்பாளருக்கும் அப்படித்தான் தோன்றியது. முட்டாள்தனமான நிபந்தனை என்று நினைத்து, தேறாத துண்டுகளுக்கும் தேறியதாக எண் எழுதினார். 1985 முதல் 2017 வரை, 240-க்கும் மேற்பட்ட உருக்குகளுக்கு.

நிபந்தனையில் நியாயம் இருக்கிறது. அடி எவ்வளவு வேகமாக விழுகிறதோ, எஃகு எவ்வளவு தடிமனோ, அவ்வளவுக்கு அது நொறுங்கும் குணம் காட்டும். வெடியதிர்ச்சியைத் தாங்கவேண்டிய பெரிய வார்ப்படத்துக்கு விரலளவு துண்டு சாட்சி சொல்வதென்றால், அதைக் கூடுதலாக வாட்டித்தான் ஆகவேண்டும். ஒப்பவில்லை என்றால் கடற்படைக்கு எழுதிச் சண்டை போட்டிருக்கலாம். எண்ணை மாற்றுவது சண்டை அல்ல, திருட்டு.

எனக்கு அதைவிட உறுத்துவது, முப்பது வருடமாகச் சான்றிதழை வாங்கி அடுக்கியவர்கள்தான். தாளில் எண் சரியாக இருந்தால் போதும் என்ற சோம்பல் நம் ஊர் அலுவலகங்களுக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது. எண்கள் இடிக்கின்றனவே என்று கவனித்தவர், அந்தப் பொறுப்பாளரின் இடத்துக்கு வரப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த இன்னொரு உலோகவியலாளர்.

2020-ல் நிறுவனம் 1.09 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. 2022-ல் பொறுப்பாளருக்கு 30 மாதச் சிறை. எந்தக் கப்பலின் உடலும் உடைந்ததாகத் தகவல் இல்லை. ஆனால் அந்த வார்ப்படங்களைச் சுமந்த கப்பல்களைப் பத்திரமாக ஓட்ட, கூடுதல் பராமரிப்புச் செலவு கடற்படையின் தலையில் விழுந்தது.