ஏர்கன்னுக்குக் காற்றா, கேஸா?

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கியதிலிருந்து, பிள்ளைகளைக் கையோடு கூட்டிக்கொண்டு என்னிடம் வரும் பெற்றோர் கூடியிருக்கிறார்கள். நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மாடிக் கூடம் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் மேல் நீளம். சனி, ஞாயிறுகளில் அங்கேதான் குறி பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள். அடுத்த கேள்வி பெரும்பாலும் இதுதான்: "அண்ணாச்சி, கேஸ்ல ஓடுறது வாங்கவா, காத்துல ஓடுறது வாங்கவா? பழைய கேஸ் துப்பாக்கி மலிவா கெடைக்கும்னு சொல்லுதாவ."

இந்தக் கேள்விக்கு ஜெர்மனியில் ஒரு பதில் இருக்கலாம். குமரி மாவட்டத்துக்குப் பதில் வேறு. காரணம் நம்முடைய வெயில். பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு தகப்பனும் தாயும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே விரிவாக எழுதுகிறேன்.

ஏர்கன்னை நாம் எல்லோருமே பார்த்திருக்கிறோம். சுசீந்திரம் தேரோட்டத்திலும் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழாவிலும் பலகையில் பலூனைக் கட்டிவைத்துச் சுடச் சொல்வார்களே, அது ஸ்பிரிங் வகை. குழலை மடக்கி இழுத்தால் உள்ளே ஒரு பெரிய சுருள்வில் இறுகும். விசையைத் தொட்டதும் வில் விரிந்து, பிஸ்டனைத் தள்ளி, அந்த நொடியில் காற்றை அழுத்தி ஈயக் குண்டைத் தள்ளும். உழைப்பான துப்பாக்கிதான். ஆனால் குண்டு குழலை விட்டுப் போவதற்கு முன்பே பிஸ்டனின் உதை துப்பாக்கியை அசைத்துவிடும். பலூனுக்கு அது போதும், போட்டிக்குப் போதாது.

உதை இல்லாத துப்பாக்கி வேண்டுமென்றால் அழுத்தத்தை முன்கூட்டியே ஒரு சிலிண்டரில் சேர்த்துவைப்பதுதான் வழக்கம். அதற்கு இரண்டு வழி. ஒன்று, 'கேஸ்' என்று நாம் சொல்லும், சோடாவில் ஏற்றும் அதே கார்பன் டை ஆக்சைடு. மற்றது, நாம் மூச்சு விடும் சாதாரணக் காற்றை 200 பார் வரை அழுத்தி அடைப்பது. ஒரு பார் என்பது ஏறக்குறைய கடல் மட்டத்தில் நம்மைச் சுற்றியிருக்கும் காற்றின் அழுத்தம். கார் டயரில் நாம் அடிப்பது இரண்டு பார் சொச்சம்.

கார்பன் டை ஆக்சைடு எனக்குச் சின்ன வயதிலேயே பழக்கமானது. அப்பா கோட்டாறில் சோடா கம்பெனி வைத்திருந்தார். கோலி சோடாவுக்குக் கேஸ் ஏற்றும் பெரிய சிலிண்டர் வந்து இறங்கியதும் முதல் வேலை அதைத் தராசில் ஏற்றுவது. சிலிண்டருக்குள் எவ்வளவு மீதி இருக்கிறது என்பதைக் கேஜ் முள் சொல்லாது, எடைதான் சொல்லும். ஏனென்றால் உள்ளே இருப்பதில் பெரும்பகுதி திரவம், அதற்கு மேலே ஆவி. மேலிருந்து கொஞ்சம் ஆவியை எடுத்தால், கீழே இருக்கும் திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்பிவிடும். கடைசிச் சொட்டுத் திரவம் தீரும்வரை முள் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கும்.

இந்தக் குணம்தான் துப்பாக்கி செய்பவர்களை இழுத்தது. பிரான்ஸைச் சேர்ந்த பால் ஜிஃபார்ட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே திரவக் கார்பன் டை ஆக்சைடில் இயங்கும் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். 1980களில் ஐரோப்பாவின் பெயர்பெற்ற கம்பெனிகள் போட்டித் துப்பாக்கிகளையே கேஸில் செய்தன. முதல் குண்டுக்கும் அறுபதாவது குண்டுக்கும் ஒரே தள்ளு கிடைக்கும். தனியாக ரெகுலேட்டர் வேண்டாம். சின்னச் சிலிண்டரில் நிறைய கேஸ் அடங்கும். அழுத்தமும் குறைவு. இதெல்லாம் உண்மையான வசதிகள்.

ஆனால் அழுத்தம் மாறாமல் நிற்பது, வெப்பம் மாறாமல் நிற்கும்வரைதான். கார்பன் டை ஆக்சைடின் ஆவியழுத்தம் 0 டிகிரியில் சுமார் 35 பார், 10 டிகிரியில் 45, 20 டிகிரியில் 57, 30 டிகிரியில் 72. அதாவது 10 டிகிரி இருக்கும் டெல்லிக் குளிர்காலக் காலையிலிருந்து 30 டிகிரி இருக்கும் நாகர்கோவில் கூடத்துக்கு அதே துப்பாக்கியைக் கொண்டுவந்தால், உள்ளே அழுத்தம் 60 சதவீதம் ஏறிவிடும். அடைத்த காற்றோ அதே வெப்ப மாற்றத்தில் 7 சதவீதம்தான் ஏறும்.

நமக்கு இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. இன்றைய வட அயர்லாந்திலுள்ள பெல்ஃபாஸ்ட் நகரத்தில் தாமஸ் ஆண்ட்ரூஸ் என்ற விஞ்ஞானி இதே வாயுவை வைத்துச் சோதனை செய்து, 1869இல் ஓர் உண்மையை விளக்கினார். சுமார் 31 டிகிரிக்கு மேல் போனால், எவ்வளவுதான் அழுத்தினாலும் கார்பன் டை ஆக்சைடு திரவமாக நிற்காது. திரவம், ஆவி என்ற பிரிவே மறைந்துவிடும். திரவம் இல்லையென்றால், சுடச் சுட நிரப்பித் தருவதற்கும் ஆள் இல்லை.

நம்முடைய மார்ச், ஏப்ரல், மே மாதங்களை நினைத்துப்பாருங்கள். பகலில் 32, 33 டிகிரி சாதாரணம். தகரக் கூரைக்குக் கீழே இன்னும் கூடும். காலை ஏழு மணிக்கு 26 டிகிரியில் பயிற்சியைத் தொடங்கும் பிள்ளைக்குக் கேஸ் துப்பாக்கி ஒழுங்காகச் சுடும். பதினோரு மணிக்கு வெப்பம் 31ஐத் தாண்டியதும் அதே துப்பாக்கி வேறொன்றாகிவிடும். நிறைய நிரப்பிய சிலிண்டரில் அழுத்தம் எகிறும், சுடச் சுட இறங்கிக்கொண்டே போகும். கேஸ் எந்தக் குணத்துக்காகப் பெயர்பெற்றதோ அந்தக் குணமே நம் ஊர் மதியத்தில் இல்லாமல் போகிறது. வெயிலில் கிடந்த பிஸ்டலில் அழுத்தம் அளவுக்கு மீறி ஏறினால், வால்வைத் தட்டித் திறக்க சுத்தியலுக்கே வலு போதாமல் குண்டு வராமல் நிற்பதும் உண்டு. வேகமாகத் தொடர்ந்து சுட்டால் எதிர்ப்பக்கம் நடக்கும். திரவம் ஆவியாகும்போது சிலிண்டரின் சூட்டை உறிஞ்சும், கை வைத்தால் சில்லிடும், அழுத்தம் இறங்கும்.

இந்த ஏற்ற இறக்கம் இலக்கில் என்ன செய்யும்? ஏர் ரைஃபிளில் குண்டு விநாடிக்குச் சுமார் 170 மீட்டர் வேகத்தில் போகிறது. பத்து மீட்டரைக் கடப்பதற்குள் பூமியின் ஈர்ப்பு அதை 17 மில்லிமீட்டர் கீழே இறக்குகிறது. அந்த இறக்கத்தைக் கணக்கில் வைத்துத்தான் குறிபார்க்கும் சைட்டைத் திருத்துகிறோம். வேகம் 160க்குக் குறைந்தால் இறக்கம் 19 மில்லிமீட்டருக்கு மேல். வித்தியாசம் இரண்டே மில்லிமீட்டர். ஆனால் ஏர் ரைஃபிள் இலக்கில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் இடைவெளி இரண்டரை மில்லிமீட்டர். பிள்ளை எந்தத் தவறும் செய்யாமலே கிட்டத்தட்ட ஒரு புள்ளியை இழந்துவிடுகிறது. நெஞ்சைப் பிசையும் விஷயம் என்னவென்றால், தவறு துப்பாக்கியில் இருக்கிறது என்று தெரியாமல் அந்தப் பிள்ளை தன் கையையும் மூச்சையும் சந்தேகப்படத் தொடங்கும்.

இப்போது காற்றுக்கு வருவோம். இது கேஸைவிடப் பழையது. 1780 வாக்கில் ஆஸ்திரிய ராணுவம் ஜிராண்டோனி என்பவர் செய்த காற்றுத் துப்பாக்கியைப் படையில் சேர்த்தது. அதன் பின்கட்டையே காற்றுக் கலம். அதை நிரப்பக் கைப்பம்பை ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை அடிக்க வேண்டும். இன்றைய போட்டித் துப்பாக்கியில் குழலுக்குக் கீழே சின்னச் சிலிண்டர் ஒன்று இருக்கிறது. அதில் 200 பார் காற்று. சிலிண்டருக்கும் வால்வுக்கும் நடுவில் ஒரு ரெகுலேட்டர். சிலிண்டரில் 200 இருந்தாலும் 100 இருந்தாலும், ஒவ்வொரு குண்டுக்கும் அளந்து கொடுப்பது ஒரே அழுத்தம். 1990களில் இந்த ரெகுலேட்டர்கள் நம்பகமாக வந்ததும் போட்டிக்களம் கேஸை விட்டுக் காற்றுக்கு மாறியது. பன்னாட்டு விதி இன்றும் இரண்டையும் அனுமதிக்கிறது. ஆனாலும் பெரிய போட்டிகளில் கேஸைப் பார்ப்பது அரிதாகிவிட்டது. கடலூரில் பிறந்து ஒலிம்பிக் வரை போன இளவேனில் வாலறிவனைப் பார்த்து ஏர் ரைஃபிள் பிடிக்க ஆசைப்படும் நம் பெண்பிள்ளைகள் போய்ச் சேரப்போவது இந்தக் காற்றுக்களத்துக்குத்தான்.

கேஜ் முள் இங்கே உண்மை பேசும். 200இலிருந்து முள் இறங்க இறங்க எத்தனை குண்டு மீதி என்று பிள்ளைக்கே தெரியும். அறுபது குண்டுப் போட்டியும் அதற்கு முன்னான சோதனைச் சுடுதலும் ஒரே நிரப்பில் தாராளமாக முடியும். வெளியூர்ப் போட்டிக்கு ரயிலிலோ விமானத்திலோ போகும்போது காற்றைத் திறந்துவிட்டு, காலிச் சிலிண்டராக எடுத்துப்போய், போன இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

காற்றுக்கும் அதன் பாடு உண்டு. எங்கள் கூடத்தில் நிரப்புவதை அப்படியே சொல்கிறேன். கடலில் முக்குளிப்பவர்கள் முதுகில் கட்டும் வகைப் பெரிய சிலிண்டரில் துப்பாக்கிச் சிலிண்டரைத் திருகி மாட்டுவேன். வால்வை மயிரிழை மயிரிழையாகத்தான் திறக்க வேண்டும். உஸ்ஸென்ற மெல்லிய சத்தம், முள் மெதுவாக ஏறும், சின்னச் சிலிண்டர் கையில் வெதுவெதுக்கும். 200 வந்ததும் மூடிவிட்டுக் காத்திருப்பேன். சூடு தணியத் தணிய முள் கொஞ்சம் இறங்கும். அப்புறம் மீதியை ஏற்றுவேன். அவசரப்பட்டு ஒரே மூச்சில் ஏற்றினால் சிலிண்டர் சூடாகும், உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் கெடும். கடைசியில் இணைப்புக் குழாயில் மிச்சமிருக்கும் காற்றைத் திறந்துவிட்ட பிறகுதான் கழற்ற வேண்டும்.

பெரிய சிலிண்டர் இல்லாதவர்களுக்குக் கைப்பம்பு உண்டு. 150 பாரைத் தாண்டினால் உடல் எடை முழுவதையும் போட்டு அழுத்த வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளையால் அது ஆகாது, வளர்ந்தவர்தான் அடிக்க வேண்டும். நம் மாவட்டத்துக்கு இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. காற்றில் எப்போதும் ஈரம். அந்த ஈரம் பம்பு வழியாக உள்ளே போய்த் தண்ணீராகி ரெகுலேட்டரை அரிக்கும். எனவே சிலிக்கா ஜெல் போட்ட வடிகட்டி இல்லாமல் பம்பு வாங்காதீர்கள்.

மூன்று விஷயங்களில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். நிரப்பும் இணைப்பில் சாதாரண எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது, உயர் அழுத்தத்தில் அது தீப்பற்றும். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பக் கூடாது, துப்பாக்கி வெடித்து உயிரே போகும். சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. துப்பாக்கிச் சிலிண்டருக்குக் கம்பெனிகள் பொதுவாகப் பத்து ஆண்டு ஆயுள் சொல்கின்றன. காலாவதியாகாத சிலிண்டரோடு வருவது போட்டியாளரின் பொறுப்பு என்று பன்னாட்டு விதியே சொல்கிறது.

கேஸ் துப்பாக்கி ஏற்கெனவே வீட்டில் இருந்தால்? தூக்கி எறிய வேண்டாம். நிற்கும் நிலை, மூச்சு, விசையைத் தொடும் விரல் ஆகியவற்றைப் பழக அது நல்ல துணை. விடியற்காலையில் சுடுங்கள், வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள், குண்டுக்குக் குண்டு அரை நிமிடம் விடுங்கள். நிரப்பும்போது எங்கள் சோடா கம்பெனி விதியைத் தராசோடு கடைப்பிடியுங்கள்: காலி எடை, நிரப்பிய எடை இரண்டையும் எழுதிவைத்து, சிலிண்டரில் குறித்திருக்கும் கிராமுக்கு மேல் ஒரு கிராம்கூட ஏற்றாதீர்கள். குளிரவைத்த சிலிண்டரில் கேஸ் எளிதாக இறங்கும், ஆபத்தும் அங்கேதான். 0 டிகிரியில் ஒரு லிட்டராக இருக்கும் திரவம் 30 டிகிரியில் ஒன்றரை லிட்டருக்கு மேல் விரியும். விளிம்புவரை நிரப்பிய சிலிண்டரைப் பூட்டிய காரில் வெயிலில் விட்டால் அது வெடிகுண்டுதான்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர்கன்னுக்கு உரிமம் தேவையில்லை. போட்டித் துப்பாக்கியின் ஆற்றல் எட்டு ஜூலைக்கூட எட்டாது. காற்றில் இயங்கும் துப்பாக்கிகளில் இந்த வரம்பைத் தாண்டும் பெரிய வகைகள் உண்டு, அவற்றுக்கு உரிமம் கட்டாயம். எந்த ஏர்கன்னாலும் பறவையைச் சுடுவது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற சுசீந்திரம், தேரூர் குளங்கள் நம் வாசலில் இருக்கின்றன. அங்கே வரும் பறவைகளை நோக்கித் துப்பாக்கியைத் திருப்பும் பிள்ளைக்கு என் கூடத்தில் இடம் கிடையாது.

ஆகவே என் பதில் இது. போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் காற்றையே வாங்குங்கள். புதியது கைக்கு எட்டாவிட்டால், மலிவான கேஸ் துப்பாக்கியைவிட, தேதி உள்ள சிலிண்டரோடு கிடைக்கும் பழைய காற்றுத் துப்பாக்கி மேல். விளையாட்டாகப் பழகிப் பார்க்க மட்டும் என்றால், குளிர்ந்த காலையில் கேஸ் போதும்.

பெற்றோர் காற்றைக் கண்டு பின்வாங்குவது துப்பாக்கி விலையால் மட்டும் இல்லை. நிரப்ப இடம் தேடி அலைய வேண்டுமே என்ற தயக்கமும்தான். ஒரு பள்ளியோ விளையாட்டு மன்றமோ நல்ல வடிகட்டியுள்ள ஒரே ஒரு கம்ப்ரஸரை வாங்கிவைத்து, பொறுப்பான ஒருவரை அதற்குப் பழக்கினால், குளச்சலிலிருந்தும் தக்கலையிலிருந்தும் ஆரல்வாய்மொழியிலிருந்தும் வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் அது போதும். சிலிண்டரை நிரப்பும் கவலை தீர்ந்துவிட்டால், இந்த மாவட்டத்துப் பிள்ளைகள் குறியைப் பற்றி மட்டும் யோசிக்கலாம். அந்தக் கம்ப்ரஸரை வாங்க முன்வருபவர்களுக்கு, அதை இயக்கவும் பராமரிக்கவும் நான் கூலி வாங்காமல் சொல்லித்தருகிறேன்.