உதகையின் நரிவேட்டை

உதகமண்டலத்திலிருந்து பைக்காரா செல்லும் வழியில் பரந்து கிடக்கும் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியைக் கண்டு களிக்கும் யாத்ரிகர்களில், அங்கே ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சிவப்புக் கோட்டணிந்த துரைமார்கள் குதிரையேறி, கொம்பூதி, நாய்க்கூட்டத்தை ஏவி நரியைத் துரத்திய விநோதத்தை அறிந்தவர் சிலரே. இங்கிலாந்தின் செந்நரி இம்மலையில் இல்லாமையால் நம் குள்ளநரி அதற்கு ஈடாயிற்று. சுதந்திரத்திற்குப் பின்னும், வெலிங்டன் ராணுவக் கல்லூரி அதிகாரிகள் அந்தச் சம்பிரதாயத்தைக் கைவிடவில்லை.

இவ்வேட்டைநாயின் பலம் வேகத்திலன்று, சளைக்காமையில் இருக்கிறது. மோப்பத்தை விடாது பின்தொடரும் கூட்டத்துக்கு முன்னால் ஓடும் நரி, சோலைக்குள் புகுந்து தப்பினாலன்றி, மூச்சிரைத்துக் கால் தளர்ந்த பிறகே பிடிபடும். நீண்ட நேரம் நீடிக்கும் அந்தப் பீதியே மனிதனுக்கு உல்லாசம். நாயின் கதியும் மெச்சத்தக்கதன்று. கப்பலேறி வந்த சீமை நாய்களில் சமவெளியின் வெப்பத்துக்கும் நோய்க்கும் பலியானவை பல. இங்கிலாந்திலோ, ஓட இயலாத முதிய நாயைக் கொன்றுவிடுவது வேட்டைக்காரர் வழக்கம்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் உயிருள்ள நரியைத் துரத்துவது நின்று, வாசனை ஊட்டிய துணியை முன்னே ஒருவர் இழுத்துச் செல்ல, நாய்கள் அத்தடத்தைத் தொடரும் முறை வந்தது. வேட்டையின் தாயகமான இங்கிலாந்து, உயிருள்ள நரியை நாய்களை ஏவி வேட்டையாடுவதைத் தடைசெய்து சட்டமியற்றியது 2004-ல்தான். குதிரைச் சவாரியும் நாய்களின் உற்சாகமும் மலைக்காற்றும் சற்றும் குறையாமல் இம்முறையிலும் கிடைக்கின்றன என்றால், நரியின் மரணம் எக்காலத்திலும் அந்த இன்பத்துக்கு அவசியமாய் இருந்ததில்லை என்பதும், ஜீவஹிம்சை வெறும் பழக்கத்தின் பெயரால் நீடித்தது என்பதும் தெளிவாகும்.

பழக்கத்தின் பெயரால் நீடிக்கும் கொடுமை இன்னும் ஒன்றுண்டு. எஸ்டேட் பங்களா வாசலிலும் குடியிருப்புகளிலும் காவலுக்கென இரவும் பகலும் கட்டிக்கிடக்கும் நாயும் உழைக்கும் பிராணியே. எப்போதும் கட்டிவைத்த நாயைப் போதிய அளவு நடக்கவும் ஓடவும் விடாத உரிமையாளர் குற்றவாளி என்று 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வெளிப்படையாகவே கூறுகிறது. ஆனால் முதல் குற்றத்துக்கு அது விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். அன்றைக்கே அற்பமான அத்தொகை இன்று எவரையும் அச்சுறுத்தாது. ஆதலால் சங்கிலியை அவிழ்த்து, காலையும் மாலையும் நாயை நடத்திச் செல்லும் கடமையை, சட்டத்துக்கு அஞ்சியல்ல, அது செய்யும் காவலுக்குத் தரவேண்டிய கூலியாகவே நாம் ஏற்க வேண்டும்.