எழுத்துருக்களும் அவற்றின் இருப்பிடமும்

இலங்கையிலே சங்க அறிக்கைகளும் மலர்க் கட்டுரைகளும் பல்லாண்டுகளாகப் பாமினி என்னும் எழுத்துருவில் பொறிக்கப்பட்டன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை ஆங்கில எழுத்துக்களின் குவியலாகவே தோன்றும். லினக்ஸ் கணினியில் இக்குறையைத் தீர்க்கும் வழியைக் கூறுவாம். (தமிழாசிரியனுக்கு இதில் என்ன வேலை என்பார், பாமினியில் உள்ள தம் பழைய கட்டுரையைத் திறந்து பார்ப்பாராக!)

அச்சுக்கோப்போர் ஈயவெழுத்துக்களைப் பெட்டியின் அறைகளில் வகுத்து வைப்பர். கணினியில் அவ்வறைகளை அடைவுகள் என்பர். தமக்கு மட்டும் வேண்டுவோர், தம் இல்ல அடைவில் முன்னே புள்ளியுடைய 'லோக்கல்', அதனுள் 'ஷெயர்', அதனுள் 'பொன்ற்ஸ்' என அமைத்தல் சாலும். கட்டளை வரியில் 'எம்கேடிர்' அடைவை ஆக்கும். 'சீபீ' எழுத்துருக் கோப்பை அங்கே படியெடுத்து வைக்கும். 'எவ்சி-கேஷ்' அதனைப் பதிவில் ஏற்றும். 'எவ்சி-லிஸ்ற்' உள்ளவற்றைக் காட்டும்.

இறுதிக் கட்டளையைத் தமிழ் எழுத்துருக்களை மட்டும் காட்டுமாறு பணித்தால் பாமினி அப்பட்டியலில் வாராது. வியப்பன்று. பாமினி ஆங்கில எழுத்துக்களின் இடங்களிலே தமிழ் வடிவங்களை வைத்தது. 'தமிழ்' என்னும் சொல் கோப்பில் ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி என ஐந்து குறிகளாகவே நிற்கும். கணினிக்கு அது தமிழன்று. 1991இல் வெளிவந்த ஒருங்குறியே தமிழுக்குத் தனியிடம் தந்தது. ஆகவே பாமினியைப் பெயர் கொண்டே தேடல் வேண்டும்.

மாத்தளையிலும் வெளியூர்களிலும் உள்ள பழைய மாணவர், பழையதென்று அதனை அழித்துவிடாது தனியடைவில் வைப்பாராக. கட்டுரைகளை ஒருங்குறிக்கு மாற்றியபின் மூலத்தோடு வரிவரியாக ஒப்புநோக்க அஃது இன்றியமையாதது.